479 பேர் உள்ள ஊருக்கு ஒரு யாத்திரை

பெரியப்பா பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். 2001, 2011 இரண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் எங்கள் பக்கத்துத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எந்த ஊருக்குப் போனாலும் முதல் கேள்வி, "இங்கே எத்தனை தலைக்கட்டு?" என்பதுதான். கேதார்நாத்துக்குக் கிளம்பும் முன்னாலும் தேடி வைத்திருந்தார். 2001 கணக்கில் 479 பேர், 2011இல் 612 பேர். 2001இன் 479 பேரில் நூற்றுக்கு 98 பேர் ஆண்கள்.

"பொம்பளையே இல்லாத ஊர்டா அது. எப்படி நடக்குது குடும்பம்?" என்று ரயிலில் டெல்லி வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

செப்டம்பர் கடைசி வாரம். ரிஷிகேஷில் இருந்து தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை வழியாக ஒரு பகல் முழுக்க வளைவுகள்தான். ருத்ரபிரயாகையில் அலக்நந்தாவை விட்டுவிட்டு மந்தாகினியைப் பிடித்துக்கொண்டு வடக்கே ஏற வேண்டும். சோன்பிரயாகையில் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து கௌரிகுண்டத்துக்கு ஜீப். அதற்கு மேல் 16 கிலோமீட்டர் நடை. குதிரையிலும் போகலாம், முதுகுக்கூடையில் உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டும் போவார்கள். ஹெலிகாப்டருக்குப் பதிவு செய்திருந்தோம். அது முதல் நாள் இரவு ரத்தாகி, பணமும் உடனே திரும்பவில்லை. சரி, நடப்போம் என்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.

ராம்பாடாவில் ஒரு பாலத்தைத் தாண்டி ஆற்றின் மறு கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. 2013 வெள்ளத்துக்கு முன்னால் பாதை இதே கரையிலேயே போனது. ராம்பாடாவும் கடைகளும் சத்திரங்களுமாக ஒரு நிறுத்தமாக இருந்தது. இப்போது அந்த இடத்தில் கற்கள்தான். பெரியப்பா அங்கே மட்டும் எதுவும் எண்ணவில்லை.

மாலை நான்கு மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம். 3,583 மீட்டர் உயரம். இரண்டு பக்கமும் செங்குத்தாக மலை, நடுவில் பனியாறு பல காலமாக அரைத்துக் கொண்டுவந்து கொட்டிய கல்மண் மேடு. ஊர் மொத்தமும் அந்த மேட்டின் மேல்தான். ஒரு பக்கம் மந்தாகினி, இன்னொரு பக்கம் சரஸ்வதி என்று பெயர் வைத்திருக்கும் ஓடை. ஊரின் தெற்கு முனையில் இரண்டும் சேர்கின்றன. அங்கிருந்து நேராக ஒரு அகலப் பாதை, அதன் முடிவில் கோயில், கோயிலுக்குப் பின்னால் 6,940 மீட்டர் கேதார்நாத் சிகரம். ஊரைப் பார்த்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். தங்கும் விடுதி, டீக்கடை, பிரசாதக் கடை, புரோகிதர் வீடு. மரம் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

எங்களைத் தங்க வைத்தவர் அங்கே யாத்திரிகர்களுக்குப் பூஜை செய்து வைக்கும் தீர்த்த புரோகிதர். அறுபது வயது இருக்கும். என் அரைகுறை ஹிந்தியில் பெரியப்பாவின் கேள்வியைக் கேட்டேன். அவர் சிரித்தார். "இங்கே குடும்பம் ஏது? ஆறு மாதம் நாங்கள் மேலே, வீட்டில் எல்லாரும் கீழே. தீபாவளி முடிந்து வரும் பையா தூஜ் அன்று நடை சாத்தினால் நாங்களும் இறங்கிவிடுவோம். ஸ்வாமியும் இறங்கிவிடுவார்." உற்சவ மூர்த்தியைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு ஊக்கிமடம் போய்விடுவார்களாம். குளிர்காலப் பூஜை முழுக்க அங்கே ஓம்காரேஸ்வரர் கோயிலில்தான். மறுபடி நடை திறக்கும் நாளை மகாசிவராத்திரி அன்று அங்கேதான் அறிவிப்பார்கள்.

பெரியப்பாவுக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "அதான்! பிப்ரவரியில நான் நம்ம ஊர்ல படிவத்தோட அலைஞ்சப்போ இங்கே ஈ காக்கா இருந்திருக்காது. பனி விழுற ஊருக்கெல்லாம் முன்கூட்டியே செப்டம்பர்லயே எண்ணி முடிச்சிடுவாங்க." கடைக்காரர்கள், சுமை தூக்கும் நேபாளிகள், குதிரைக்காரர்கள், பூசாரிகள் என்று அந்த மாதத்தில் யார் இருந்தார்களோ அவர்கள்தான் ஊர்க்காரர்கள். கோயிலின் தலைமை அர்ச்சகரான ராவலே கர்நாடகத்து வீரசைவ மரபில் வந்தவர். 2023இல் மட்டும் 19 லட்சம் பேருக்கு மேல் வந்துபோன ஊரில் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை!

மறுநாள் விடிவதற்கு முன்பே வரிசையில் நின்றோம். உள்ளே மண்டபத்தில் பாண்டவர்களும் திரௌபதியும். காளையாக மாறி மண்ணுக்குள் புகுந்த சிவனின் திமில் மட்டும் இங்கே நின்றுவிட்டது என்பது தல புராணம். கருவறையில் நாம் பார்த்துப் பழகிய வழவழப்பான லிங்கம் இல்லை. முக்கோணமாகக் கூம்பிய கரடுமுரடான பாறை. கையில் கொஞ்சம் நெய்யைக் கொடுத்து, நீங்களே பூசுங்கள் என்றார்கள். நம் ஊரில் இதை நினைத்துப் பார்க்க முடியுமா? நெய் குளிரில் மெழுகு மாதிரி உறைந்திருந்தது. பாறையின் பள்ளங்களில் உள்ளங்கையை வைத்துத் தேய்க்கத் தேய்க்கத்தான் இளகியது. பெரியப்பா நெற்றியை அதன் மேல் வைத்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்கள் அவசரப்படுத்தவில்லை.

வெளியே வந்து கோயிலுக்குப் பின்புறம் போனோம். 2013 ஜூன் 17 காலை, மேலே இருந்த சோராபாரி ஏரி உடைத்துக்கொண்டு வந்தபோது உருண்டு வந்து, கோயிலுக்குப் பின்னால் நின்று வெள்ளத்தை இரண்டாகப் பிரித்த பாறை அங்கே கிடக்கிறது. பீம சிலை என்று பூப்போடுகிறார்கள். சிலை என்றால் இங்கே கல். 2011இல் எண்ணிய ஊரை அந்த வெள்ளம் கொண்டுபோய்விட்டது. நாங்கள் சுற்றிவந்தது அதற்கப்புறம் கட்டிய ஊர்.

சம்பந்தரும் சுந்தரரும் இந்த ஊரைப் பாடியிருக்கிறார்கள். இருவருமே வரவில்லை, காளத்தியில் நின்றுகொண்டே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். சுந்தரர் பதிகத்தில் கடைசிப் பாட்டைத் தவிர பாட்டுக்குப் பாட்டு "கேதாரம் எனீரே" என்றே முடியும். போகச் சொல்லவில்லை, பேரைச் சொல்லச் சொல்கிறார். பதினாறு கிலோமீட்டர் நடந்த முழங்காலோடு அதை நினைத்தால் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

கிளம்பும் முன் புரோகிதர் நீளமான ஒரு பேரேட்டை விரித்தார். வரும் குடும்பங்களின் பெயர், ஊர், வம்சம் எல்லாம் அதில் எழுதி வைப்பார்கள். பேனா குளிரில் எழுதவில்லை. டீ கிளாஸின் மேல் உருட்டிச் சூடாக்கினார். ஊர், தாத்தா பெயர், அப்பா பெயர், பெரியப்பா பெயர். அப்புறம் மனைவி பெயரைக் கேட்டார். பெரியம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. இங்கே வர வேண்டும் என்று ஆசைப்பட்டதும் அவர்தான். பெரியப்பா என்னைப் பார்த்தார். "எங்க படிவத்துல உசிரோட இருக்கறவங்களை மட்டும்தான்டா எழுதுவோம். இவருகிட்ட கேளு."

கேட்டேன். "இதில் எல்லாரையும் எழுதலாம்" என்றார்.

பெரியப்பா ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். புரோகிதர் அதைத் தேவநாகரியில் எழுதி முடிக்கும் வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.