மின்சாரம் இல்லாத ஊரில் மின்சாரப் பாடம்

பாளையங்கோட்டையில் திருமண்டலத்தின் பள்ளியொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்ற பின், 2023 ஜனவரியில் ஆப்பிரிக்க நாடான ஜாம்பியாவின் தென் மாகாணத்தில், மொன்சே நகரிலிருந்து மண் சாலையில் வெகுதூரம் உள்ளே போகவேண்டிய ஒரு பெண்கள் பள்ளிக்குத் தன்னார்வ ஆசிரியையாகச் சென்றேன். கத்தோலிக்கக் கன்னியர் நடத்தும் விடுதிப் பள்ளி அது. நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள் என்பதை அங்கே எவரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பகுதிக்கு மிஷன் பள்ளிகள் புதியவை அல்ல. இயேசு சபையைச் சேர்ந்த ஜோசப் மோரோ அடிகளார் 1905ஆம் ஆண்டிலேயே அருகிலுள்ள சிக்குனியில் வந்து தங்கி, எழுத்தோடு ஏர் உழவையும் அந்தப் பகுதியில் வாழும் டோங்கா இன மக்களுக்குக் கற்பித்தவர். ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுப்பதும் நிர்வாகத்தைத் திருச்சபை பார்ப்பதுமான ஏற்பாடு எங்கள் ஊர் உதவி பெறும் பள்ளிகளில் உள்ளதைப் போலவே இருந்ததால், அலுவலக நடைமுறை எனக்கு முதல் வாரத்திலேயே பிடிபட்டுவிட்டது. வகுப்பறைதான் பிடிபடவில்லை.

காலை ஏழு மணிக்கு முதல் பாடவேளை தொடங்கும். உள்ளே நுழைந்ததும் எழுபத்திரண்டு மாணவியர் ஒரே குரலில் வணக்கம் சொல்லிவிட்டு, நான் சொல்லும்வரை உட்கார மாட்டார்கள். 2022இல் அரசு பள்ளிக் கட்டணத்தை நீக்கியபின், அதுவரை வீட்டோடு நின்றுவிட்ட பிள்ளைகள் பலர் பள்ளிக்குத் திரும்பியிருந்தார்கள். ஐம்பது பேருக்காகக் கட்டிய அறையில் மூவர் அமரும் பெஞ்சில் ஐவர் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த நெருக்கடியைப் பற்றி ஆசிரியர் அறையில் குறை பேசியவர்கள் உண்டு. எனக்கு அதில் வருத்தம் தோன்றவில்லை. மீண்டும் படிக்க வந்த பிள்ளை இடித்துக்கொண்டாவது உட்காரட்டும் என்றே நினைத்தேன்.

குறிப்பேட்டைத் திருத்தக் கொடுக்க வரும்போது மாணவி முழங்காலை மடித்துத் தாழ்ந்து, வலக்கையால் நீட்டி, இடக்கையால் அந்த வலக்கையைத் தாங்கிக்கொள்வாள். பெரியவர்களுக்கு இரு கையாலும் கொடுத்துப் பழகிய எனக்கு அந்தக் கைகளின் மரியாதை உடனே புரிந்தது. முழங்கால் மடிப்பதை மட்டும் தாங்க முடியாமல் ஓரிரு முறை தடுத்தேன். மூத்த கன்னியர் ஒருவர் என்னைத் தனியாக அழைத்து, “அது அவர்கள் வீட்டில் கற்றது, அதைத் தடுத்தால் அவர்கள் தாயைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்வார்கள்” என்றார். அதன் பிறகு நான் நாற்காலியில் இருந்தபடியே குறிப்பேட்டை வாங்குவதை விட்டுவிட்டு, எழுந்து நின்று குனிந்து வாங்கினேன்.

முதல் மூன்று வாரங்கள் என் வேலை தோல்வியே. பாடம் முடிந்ததும் “புரிந்ததா?” என்று கேட்டால் எல்லோரும் புரிந்தது என்பார்கள், தேர்வு வைத்தால் பாதிக்கு மேல் வெற்றுத்தாள். அடிப்படை போதவில்லை என்று முடிவுகட்டி எட்டாம் வகுப்புப் பாடத்துக்கே திரும்பிப்போனேன். ஒருநாள் துண்டுத்தாள் கொடுத்து, பெயர் எழுதாமல் மனத்தில் உள்ளதை எழுதச் சொன்னேன். “மேடம், உங்கள் ஆங்கிலம் எங்களுக்கு விளங்க நேரமாகிறது, தயவுசெய்து கரும்பலகையில் அதிகம் எழுதுங்கள்” என்று முப்பதுக்கும் மேற்பட்டோர் ஏறக்குறைய ஒரே சொற்களில் எழுதியிருந்தார்கள். பெரியவரின் முகத்துக்கு நேரே ‘புரியவில்லை’ என்று சொல்வது அவர்களிடம் மரியாதைக் குறைவு. அந்தப் பண்பை அறிவுக் குறைவு என்று நான் எண்ணியதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

2024 தொடக்கத்தில் காலரா பரவியதால் பள்ளிகள் ஐந்து வாரம் தாமதமாகப் பிப்ரவரி 12ஆம் தேதிதான் திறந்தன. அதே மாதம் 29ஆம் தேதி, மழை பொய்த்ததைத் தேசியப் பேரிடராகக் குடியரசுத் தலைவர் ஹகைன்டே ஹிச்சிலேமா அறிவித்தார். வயல்களில் மக்காச்சோளம் பூக்கும் பருவத்திலேயே காய்ந்து நின்றது. நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நீர்மின்சாரம் என்பதால், ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே உள்ள கரிபா அணையில் நீர் இறங்க இறங்க மின்வெட்டும் நீண்டது. ஆண்டின் பிற்பகுதியில் எங்கள் பள்ளிக்கு நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமே மின்சாரம் வந்தது, அதுவும் நள்ளிரவில். மோட்டார் ஓடாததால் மாணவியர் கைப்பம்பில் வரிசையாக நின்று தண்ணீர் பிடித்தார்கள். அந்தப் பருவத்தில்தான் பன்னிரண்டாம் வகுப்புக்கு, காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் மின்காந்தத் தூண்டல் பாடம் வந்தது.

ஆய்வகத்தில் சிறு மின்னோட்டத்தையும் முள் அசைவால் காட்டும் கால்வனோமீட்டர்களில், முள் சரியாக நகர்வது ஒன்று மட்டும் இருந்தது. பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றினோம். எரிந்துபோன தண்ணீர் மோட்டாரிலிருந்து செப்புக் கம்பியை அவிழ்த்து, மாணவியர் ஒரு மாவு டப்பாவின் மேல் முந்நூறு சுற்றுச் சுற்றினார்கள். காந்தத்தைச் சுருளுக்கு அருகே கொண்டுபோனால் முள் அசையவில்லை. வேகமாகக் கொண்டுபோனோம், அப்போதும் இல்லை. நானே தடுமாறி நின்றபோது, மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து வந்து கம்பியின் முனையை நகத்தால் கீறிப் பார்த்து, “மேடம், இதன்மேல் ஏதோ பூசியிருக்கிறது” என்றாள். மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சைச் சுரண்ட மறந்துவிட்டிருந்தேன். பிளேடால் இரு முனைகளையும் செம்பு பளபளக்கும்வரை சுரண்டி இணைத்தாள். காந்தம் நெருங்கியபோது முள் ஒருபக்கம் துள்ளியது, விலகியபோது மறுபக்கம். அசையாமல் வைத்திருந்தபோது நடுவில் நின்றது. அவ்வளவு சத்தத்தை அந்த வகுப்பில் நான் அதற்குமுன் கேட்டதில்லை.

கரிபாவிலும் இதுவே நடக்கிறது, விழும் நீர் காந்தத்தைச் சுழற்றுகிறது என்றேன். கம்பியைச் சுரண்டிய அதே மாணவி, தன் பாட்டி லுசிட்டுவில் இருப்பதாகவும், சிறுமியாக இருக்கையில் க்வெம்பே பள்ளத்தாக்கிலிருந்து லாரியில் ஏற்றி அங்கே கொண்டுவரப்பட்டவர் என்றும் சொன்னாள். 1955 முதல் 1959 வரை அந்த அணையைக் கட்டியபோது ஜாம்பேசி ஆற்றின் இரு கரைகளிலும் ஏறத்தாழ 57,000 டோங்கா மக்கள் ஆற்றங்கரை வயல்களை இழந்து மேட்டு நிலத்துக்குப் பெயர்க்கப்பட்டார்கள். ஆற்றின் தெய்வமான நியாமிநியாமி சினங்கொண்டதால்தான் 1957, 1958 வெள்ளங்கள் வந்து அணை வேலையை அடித்துச் சென்றன என்று பாட்டி சொல்வாராம். “அது உண்மையா, மேடம்?” என்று கேட்டாள்.

மதியம் தட்டில் இன்ஷிமா என்னும் மக்காச்சோளக் களியோடு வரும் கபெந்தா மீன்கூட, 1960களின் இறுதியில் தங்கனியிகா ஏரியிலிருந்து கொண்டுவந்து கரிபாவில் விடப்பட்ட மீன். எங்கள் ஊர் நெத்திலிக் கருவாட்டை நினைவூட்டும் அதை ஒன்றரை ஆண்டாகத் தின்றுகொண்டே, அந்த நீரின் அடியில் இவர்களுடைய வீடுகளும் முன்னோர் கல்லறைகளும் இருக்கின்றன என்று அதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. இரண்டு வெள்ளமும் வந்தது உண்மை, அதற்கு மழைக் கணக்கு இருக்கிறது என்றேன். ஊரை விட்டுப்போன நாளைப் பற்றிப் பாட்டி சொல்வதும் உண்மை, விடுமுறையில் போகும்போது அதைக் கேட்டு எழுதி வா என்றேன். கிறிஸ்தவப் பள்ளியில் இப்படிப் பதில் சொன்னது சரியா என்ற ஐயத்தோடு தலைமைக் கன்னியரிடம் போய்ச் சொன்னேன். அவரும் டோங்கா பெண்மணி. தன் தாயின் குடும்பமும் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வந்ததுதான் என்றார், வேறெதுவும் சொல்லவில்லை.

என்னோடு அதே துறையில் ஓர் இளம் ஆசிரியர் இருந்தார். முறையாகப் பயிற்சி பெற்றும் அரசு நியமனத்துக்காகப் பல ஆண்டுகளாகக் காத்திருந்தவர். பெற்றோர் சங்கம் கொடுத்த சிறு தொகையில் வேலை பார்த்தார். 2022இல் அரசு ஒரே முறையில் 30,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை நியமித்தும் வரிசை தீரவில்லை. வெளிநாட்டிலிருந்து போகும் தன்னார்வலர் இவரைப் போன்றவரின் இடத்தில் நிற்கக் கூடாது, இவருக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு. அதனால் இரண்டாம் ஆண்டில் பாடத்தை அவரும், செய்முறையை நானுமாகப் பகிர்ந்துகொண்டோம். செய்முறைகள் ஒவ்வொன்றையும், எந்தப் பழைய பொருளிலிருந்து எதைக் கழற்றுவது என்பது உட்பட, ஒரு நோட்டில் எழுதி அவரிடம் கொடுத்தேன்.

நான் புறப்படுவதற்கு முந்தைய வாரம், பதினோராம் வகுப்புக்கு அந்தச் சுருளையும் காந்தத்தையும் மூத்த மாணவியர் காட்டினார்கள். டோங்கா மொழியில் விளக்கட்டும் என்று இளம் ஆசிரியர் சொன்னதால் நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கம்பியைச் சுரண்டிய என் மாணவி முதலில் பிளேடை உயர்த்திக் காட்டினாள். அதன்பின் அவள் பேசியதில் எனக்குப் புரிந்தவை கரிபா, லுசிட்டு, நியாமிநியாமி என்ற மூன்று பெயர்கள் மட்டுமே. முள் துள்ளியபோது முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்து ஏதோ கேட்டாள். என் மாணவி காந்தத்தை அந்தச் சிறுமியின் கையிலேயே கொடுத்தாள்.