பட்டன் ஊர்: மிசிசிப்பிக் கரையில் மஸ்கட்டீன்

சிகாகோவில் இருக்கிறவர்களிடம் மஸ்கட்டீன் போகிறேன் என்று சொன்னால் "அங்கே என்ன இருக்கு?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அயோவா மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், மிசிசிப்பிக் கரையில், 24 ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள அருவியும் இல்லை, மலையும் இல்லை. ஆனால் 1905 வாக்கில் உலகத்தில் எங்கே யார் சட்டை மாட்டினாலும், அதில் மூன்று பட்டனுக்கு ஒன்று இந்த ஊரில் செய்ததாக இருந்திருக்கும். அந்த வருஷம் மட்டும் இங்கே 150 கோடி பட்டன் செய்தார்கள். எல்லாம் ஆற்றுச் சிப்பியில் வெட்டியெடுத்தவை.

சிகாகோவிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஆகும். வழியெல்லாம் சோளம், அப்புறம் சோயா, அப்புறம் மறுபடி சோளம். டேவன்போர்ட்டைத் தாண்டியபின் ஆற்றை ஒட்டிய பழைய சாலையில் இறங்கிவிட வேண்டும், நெடுஞ்சாலையிலேயே போனால் பாதி சுகம் போய்விடும். வரைபடத்தைப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும்: வடக்கே பிறந்து தெற்கே போகிற மிசிசிப்பி, இந்தப் பக்கம் வந்ததும் கொஞ்ச தூரம் மேற்குப் பார்த்து ஓடிவிட்டு, மஸ்கட்டீனில்தான் மறுபடி தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், மேட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறது ஊர். இந்த வளைவுப் பகுதியில்தான் சிப்பி படுகைகள் மண்டிக் கிடந்தன.

அந்தச் சிப்பிகளைக் காசாக்கியவர் ஜான் பேப்பிள் என்ற ஜெர்மானியர். ஹாம்பர்க் பக்கம் கொம்பிலும் சிப்பியிலும் பட்டன் கடைந்துகொண்டிருந்த கைவினைஞர். அமெரிக்க ஆற்றுச் சிப்பி சில அவர் கைக்கு வந்தது, பட்டனுக்கு ஏற்ற சரக்கு என்று பார்த்ததும் புரிந்துவிட்டது. அப்படியே கிளம்பி அமெரிக்கா வந்து, அந்தச் சிப்பி எங்கே கிடைக்கும் என்று ஆறு ஆறாகத் தேடி அலைந்தார். இல்லினாயில் சங்கமன் ஆற்றில் குளிக்கும்போது காலில் சிப்பி கிழித்து, அப்படித்தான் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. நல்ல கதை என்பதால் எல்லோரும் சொல்கிறார்கள். 1890இல் மெக்கின்லி சட்டம் வந்து வெளிநாட்டுப் பட்டன்களுக்குச் சுங்க வரி எக்கச்சக்கமாக ஏறியது. அடுத்த வருஷமே மஸ்கட்டீனில் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் எந்திரத்தோடு பேப்பிள் பட்டறை போட்டுவிட்டார். வரி மட்டும் ஏறாமல் இருந்திருந்தால் இந்த ஊரை யாரும் பட்டன் ஊர் என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

ஊர் நடுவில் இரண்டாம் தெருவில் முத்துப் பட்டன் அருங்காட்சியகம் இருக்கிறது. அரை மணியில் வெளியே வந்துவிடலாம் என்று நினைத்துப் போனேன், கால் வலிக்கிறவரை நின்றேன். முதலில் சிப்பி பிடிக்கிற முறை. படகின் குறுக்கே ஒரு கம்பி, அதிலிருந்து வரிசையாகத் தொங்கும் கயிறுகள், ஒவ்வொன்றிலும் காக்கைக்கால் மாதிரி விரிந்த கொக்கிகள். ஆற்றின் அடியில் இதை மெல்ல இழுத்துப் போவார்கள். இரை தேடி வாய் திறந்திருக்கும் சிப்பியின்மேல் கொக்கி பட்டதும் அது டப்பென்று மூடிக்கொள்ளும், மூடினால் விடாது, தன்னைத் தானே மாட்டிக்கொண்டு மேலே வந்துவிடும். கரையில் தொட்டியில் ஆவி காட்டி வாயைத் திறக்க வைத்து, சதையைச் சுரண்டியெடுத்து, முத்து அகப்படுகிறதா என்று விரலால் துழாவிவிட்டு, ஓட்டை மட்டும் ஆலைக்கு விற்பார்கள். சிப்பி வகைகளுக்கு ஆற்றுக்காரர்கள் வைத்த பெயர்கள் தனி ரகம்: குரங்குமூஞ்சி, பன்றிவிரல், துவைக்கும் பலகை, குதிகால் கிழிப்பான்.

ஆலையில் ஓட்டைப் பல நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, குழாய் வடிவ ரம்பத்தால் வட்டம் வட்டமாக வெட்டுவார்கள். வெட்டி முடித்த ஓடு, டம்ளரால் பூரி வெட்டியெடுத்தபின் கிடக்கிற மாவு மாதிரி இருக்கிறது. அந்த ஓட்டைச் சிப்பிகள் மலை மலையாகக் குவிந்து, பள்ளம் நிரப்பவும் பாதை போடவும் போயின. இன்றும் இங்கே தோட்டத்தைத் தோண்டினால் கிடைக்குமாம். வெட்டிய வில்லையைத் தேய்த்து, துளை போட்டு, பளபளப்பாக்கி, கடைசியில் அட்டையில் தைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை வீடுகளுக்குப் போனது, அம்மாக்களும் பிள்ளைகளும் சமையலறை மேசையில் உட்கார்ந்து தைத்தார்கள். ஊரில் உழைத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பட்டன்தான் சோறு போட்டது.

சோறு என்றால் அரை வயிற்றுச் சோறு. வெட்டுகிறவருக்குக் குரோஸ் கணக்கில் கூலி. குரோஸ் என்றால் 12 டஜன் என்று நாம் படித்திருக்கிறோம். இங்கே முதலாளிகள் 14 டஜன் வாங்கிக்கொண்டு ஒரு குரோஸ் என்று எழுதினார்கள், உடைசலுக்கு ஈடு என்று காரணம் சொன்னார்கள். இது போதாதென்று சிப்பித் தூசி, ஈரம், ரம்பத்தில் போகும் விரல்கள். 1911இல் தொழிலாளர் சங்கம் வைத்தார்கள் என்பதற்காக ஆலைகள் கதவைச் சாத்தின, ஊர் இரண்டாகப் பிளந்தது, கவர்னர் பெரில் கேரல் துப்பாக்கியோடு படையை அனுப்பினார். அந்தப் போராட்டத்தில் முன்னால் நின்றவர் பேர்ள் மெக்கில் என்ற பெண், பதின்வயதுக்காரி! கிழக்கு நகரங்களுக்குப் போய் மேடையேறிப் பேசி நிதி திரட்டினார், 1912இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரத்து நெசவாலைப் போராட்டத்திலும் இருந்தார். மஸ்கட்டீன் சங்கம் கடைசியில் தோற்றது. எனக்கு இந்த ஊரில் பேப்பிளைவிட இந்தப் பெண்மேல்தான் மரியாதை.

பேப்பிள் கதையும் சுகமாக முடியவில்லை. கைவேலைதான் வேலை என்று பிடிவாதம் பிடித்தார். அதற்குள் இதே ஊரின் பேரி சகோதரர்கள் தானியங்கி எந்திரம் செய்து விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டாளிகளோடு முறிந்து, ஆலை கைவிட்டுப் போய், கடைசியில் அரசாங்க வேலைக்குப் போனார். அந்த வேலை என்ன தெரியுமா? ஆற்றில் சிப்பி தீர்ந்துகொண்டிருந்தது, அதை மறுபடி வளர்ப்பது! ஊருக்குக் கொஞ்சம் மேலே ஃபேர்போர்ட் என்ற இடத்தில் மத்திய மீன்வளத் துறை ஓர் ஆய்வு நிலையம் கட்டியது. சிப்பிக் குஞ்சு பிறந்ததும் ஒரு மீனின் செவுளில் தொற்றிக்கொண்டு சில வாரம் வாழ்ந்தால்தான் பிழைக்கும். எந்தச் சிப்பிக்கு எந்த மீன் என்று கண்டுபிடித்து, மீன்களில் குஞ்சுகளை ஏற்றி ஆற்றில் விட்டார்கள். வேலை நிமித்தம் ஆற்றில் இறங்கியபோது பேப்பிள் காலில் சிப்பி கிழித்தது, புண் சீழ் பிடித்து 1912 தொடக்கத்தில் இறந்துபோனார். முதல் கிழிசல் கதையாக இருக்கலாம், இந்தக் கிழிசல் நிஜம்.

குஞ்சு விட்டும் ஆறு மீளவில்லை. அளவில்லாமல் அள்ளியது போக, நகரக் கழிவும் வயல் வண்டலும் படுகைகளை மூடின. 1930களில் கப்பல் போக்குவரத்துக்காக அணைகளும் மதகுகளும் வந்து, ஆறு குளம் குளமாகத் தேங்கியது. அப்புறம் பிளாஸ்டிக். துவைக்கும் எந்திரத்தையும் சோப்புத் தூளையும் தாங்குகிற, விலையும் குறைந்த பட்டன் வந்தபின் சிப்பிக்கு யார் காத்திருப்பார்கள்? 1960களோடு சிப்பிப் பட்டன் கதை முடிந்தது. ஃபேர்போர்ட் இன்று மாநில அரசின் மீன் பொரிப்பகம்.

சரி, பட்டன் போனதும் ஊரும் போயிருக்க வேண்டுமே? போகவில்லை. கெச்சப்புக்குப் பேர்போன ஹெயின்ஸ் கம்பெனி 1893இலேயே இங்கே ஆலை வைத்திருந்தது, அலுவலக மேசை நாற்காலி செய்யும் ஹான் கம்பெனி இங்கே பிறந்து பெரிதானது. ஆற்றோரம் நடந்தால் சோளம் அரைக்கிற வாசனை மூக்கில் ஏறும், ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே சரக்கு ரயில் வந்து வழியை மறிக்கும். அழகுக்காகப் பாதுகாத்து வைத்த ஊர் இல்லை, இன்னும் வேலைக்குப் போகிற ஊர். சுற்றுலாக் கடைகள் மண்டிய ஆற்றங்கரை ஊர்களைவிட எனக்கு இதுதான் பிடித்தது.

இவ்வளவு சின்ன ஊரில் இத்தனை விதமான ஆட்கள் எப்படி முளைத்தார்கள் என்பதுதான் ஆச்சரியம். மார்க் ட்வெயின் இளவயதில் கொஞ்ச காலம் இங்கே அண்ணனின் பத்திரிகையில் இருந்தார், இங்கத்துச் சூரிய அஸ்தமனத்தைக் கடைசிவரை மறக்கவில்லை. நார்மன் பேக்கர் என்ற உள்ளூர்க்காரர் 1925இல் சொந்தமாக வானொலி நிலையம் வைத்து, புற்றுநோய்க்கு மருந்து இருக்கிறது என்று ஊரை ஏமாற்றி ஆஸ்பத்திரியே நடத்தினார். உரிமத்தைப் பிடுங்கியதும் மெக்சிகோ எல்லையிலிருந்து ஒலிபரப்பி, கடைசியில் ஜெயிலுக்குப் போனார். சீனாவின் ஷி ஜின்பிங் 1985இல் சின்ன அதிகாரியாக விவசாயம் பார்க்க வந்து ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கினார், 2012இல் துணை அதிபராகத் திரும்பி வந்து பழைய ஆட்களோடு தேநீர் குடித்தார்.

ஆனால் ஒரே ஒருவரைத்தான் சொல்லலாம் என்றால் நான் அலெக்சாண்டர் கிளார்க்கைச் சொல்வேன். கறுப்பினத்தவர், முடிதிருத்தும் தொழிலாளியாக 1842இல் இங்கே வந்தவர், நீராவிப் படகுகளுக்கு விறகு விற்றுக் காசு சேர்த்தார். 1867இல் அவர் மகள் சூசனைப் பக்கத்துப் பள்ளியில் சேர்க்க மறுத்தார்கள், கறுப்புப் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளி இருக்கிறது என்றார்கள். வழக்குப் போட்டார். 1868இல் அயோவா உச்ச நீதிமன்றம் தனிப் பள்ளி செல்லாது என்றது. நாடு முழுவதற்கும் இதே தீர்ப்பு வர 1954 வரை, 86 வருஷம் ஆனது. ஐம்பத்தெட்டு வயதில் சட்டப் படிப்பை முடித்து, லைபீரியாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போய், 1891இல் அங்கேயே இறந்தார். உடலை இங்கே கொண்டுவந்து கிரீன்வுட் கல்லறைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறார்கள். அவர் வீட்டை 1970களில் இடிக்காமல் அப்படியே பெயர்த்துச் சற்றுத் தள்ளி வைத்தார்கள், ஊரின் நடுநிலைப் பள்ளிக்கு இப்போது சூசன் கிளார்க்கின் பெயர்.

போகிறவர்கள் ஆகஸ்டில் போங்கள். ஊருக்குத் தெற்கே மணல் பூமியில் விளையும் மஸ்கட்டீன் முலாம்பழம் அப்போதுதான் சாலையோரக் கடைகளில் குவியும், சிகாகோ கடைகளில் கிடைப்பதெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அருங்காட்சியகம் திறந்திருக்கும் நாளை முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள், மேட்டில் மார்க் ட்வெயின் பெயரில் உள்ள பார்வைத் தளத்துக்கு மாலையில் ஏறுங்கள். கிளார்க் கல்லறையை மட்டும் வரும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள், சோளக்காட்டுச் சாலையில் ஏறிவிட்டால் யாரும் திரும்புவதில்லை.