பத்தாவது புக்குல மாட்டிக்கிட்டேன்

ராபர்ட் ஜோர்டானோட வீல் ஆஃப் டைம் ஃபேன்டஸி நாவல் வரிசைய ஆரம்பிச்சு எட்டு மாசம் ஆச்சு, இப்பதான் பத்தாவது புக்கு. மொத்தம் 14, முன்கதை ஒன்னு தனி. ஒன்பதாவது முடியுறப்ப பெரிய சம்பவம் ஒன்னு நடக்கும், அடுத்து என்னாகுமோன்னு ராத்திரியோட ராத்திரியா பத்தாவத தொறந்தா, அந்த நேரத்துல மத்தவங்கல்லாம் எங்க இருந்தாங்க, தூரத்துல என்னமோ நடக்குதேன்னு எப்படி முழிச்சாங்க, இதையே ஆளாளுக்கு ஒரு தடவ சொல்லிட்டு இருக்காரு மனுஷன். கதை நகருவேனாங்குது. நைனீவ்னு ஒரு கேரக்டர் வேற, கோவம் வந்தா ஜடைய புடிச்சு இழுப்பா. எத்தன தடவன்னு எண்ணுறத எப்பவோ விட்டுட்டேன், இப்பல்லாம் அவ மொகம் சுருங்குறப்பவே நானே சொல்லிடுறேன், இந்தா இழுக்கப் போறா பாருன்னு.

ஆனா கீழ வைக்கவும் முடியல. மேட்னு இன்னொரு கேரக்டர், அவன் தலைக்குள்ள பகடை உருளுற சத்தம் கேக்கும், அது நின்னா ஏதோ ஆகப்போகுதுன்னு அர்த்தம், அந்த வரி வந்தாலே நிமிந்து உக்காந்துடுறேன்.

1990ல முதல் புக்கு வந்தப்பவே படிச்சவங்கள நெனச்சாதான் பாவமா இருக்கு. 2007ல ராபர்ட் ஜோர்டான் போயிட்டாரு, அவர் குறிப்புகள வச்சு பிராண்டன் சாண்டர்சன்னு இன்னொரு எழுத்தாளர் கடைசி மூணையும் எழுதி 2013லதான் முடிஞ்சுது. எனக்கு மிச்சம் நாலும் அலமாரியில ரெடியா இருக்கு, நான் உக்காந்து பொலம்பிட்டு இருக்கேன்.

பதினொன்னுல வேகம் எடுக்கும்னு முடிச்சவங்க சத்தியம் பண்றாங்க. முடிவ மட்டும் யாரும் சொல்லித் தொலைக்காதீங்க, நைனீவ் ஜடை மேல ஆணை.