கட்சிப் பெயரே வரக் கூடாதாம்

ஜூலை 29, 2025

கல்லூரி நோட்டீஸ் போர்டில் இன்று ஒரு அறிவிப்பு. செப்டம்பர் 15 உலக மக்களாட்சி நாளை ஒட்டி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி. தலைப்பு "மக்களாட்சியும் அரசியலும்", 1500 சொல்லுக்கு மேல் போகக் கூடாது, ஏ4 தாள்களில் ஒவ்வொன்றிலும் ஒரு பக்கத்தில் மட்டும் கையால் எழுத வேண்டும், மாணவர்தான் என்று முதல்வரிடம் சான்று வாங்கி இணைத்து ஆகஸ்ட் 22-க்குள் தபாலில் சேர்த்துவிட வேண்டும். கடைசி வரியில், எந்தக் கட்சியையும் ஆதரித்தோ எதிர்த்தோ எழுதக் கூடாது.

உடனே பேர் கொடுத்துவிட்டேன். வீட்டில் அப்பா டிவியில் செய்தி வந்தால் "சாக்கடை" என்று சொல்லி சேனலை மாற்றுவார். அதே அப்பா ஓட்டுப் போடுகிற நாளில் ரப்பர் பால் வெட்டப் போகாமல் காலையிலேயே வரிசையில் போய் முதல் ஆளாக நிற்பார். இரண்டையும் ஒரே மனுஷன் எப்படிச் செய்கிறார் என்பது எனக்கு ரொம்ப நாளாகவே கேள்வி.

ஆகஸ்ட் 2

மேடமிடம் பேசினேன். ஆபிரகாம் லிங்கனில் ஆரம்பிக்காதே, நடுவர்கள் அதைப் படித்துப் படித்துச் சலித்திருப்பார்கள் என்றார். சரி, அது நல்ல யோசனை. அடுத்து சொன்னதுதான் எனக்கு ஒப்பவில்லை. "கட்சிப் பெயரே வராம எழுதிரு, அதுதான் சேஃப்."

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து எழுதினால் அது எப்படி முடியும்? அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, இந்த நாலு தாலுகாவும் திருவிதாங்கூரில் இருந்தவை. 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு (அப்போது சென்னை மாநிலம்) சேர்ந்தன. சேர்த்ததில் பெரும் பங்கு ஒரு கட்சிக்குத்தான், திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் தலைவர் மார்ஷல் நேசமணி ஊர் ஊராகக் கூட்டம் போட்டார், தேர்தலில் நின்றார், நாகர்கோவில் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்குப் போனார். இதில் அரசியலை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன?

அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு போன் போட்டே கேட்டுவிட்டேன். வரலாற்றில் நடந்ததை எழுதலாம், இன்றைக்குள்ள கட்சிகளுக்குப் பிரச்சாரம் மட்டும் வேண்டாம் என்றார்கள். நிம்மதியாக இருந்தது.

ஆகஸ்ட் 6

நூலகம். காமராஜரைப் பற்றி ஒரு பத்தி எழுத வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தேடியதில் எனக்கும் பிடித்துப் போனது. ஒன்பது வருஷம் முதலமைச்சராக இருந்தவர், 1967-ல் சொந்த ஊர் விருதுநகரிலேயே சீனிவாசன் என்ற மாணவர் தலைவரிடம் தோற்றார். நேசமணி இறந்த பிறகு 1969-ல் வந்த இடைத்தேர்தலில் எங்கள் நாகர்கோவில்தான் அவரை ஜெயிக்க வைத்து டெல்லிக்கு அனுப்பியது. தோற்றவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை, மறுபடியும் ஜனங்களிடம் வந்து ஓட்டுக் கேட்டார். அவ்வளவு பெரிய மனிதரையும் மக்களாட்சி கேட்க வைக்கிறதே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகஸ்ட் 11

இன்றைய நாளை வேண்டுமென்றே காலியாக வைத்திருந்தேன். 1954-ல் இதே நாள்தான் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போராடியவர்களைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. சாயங்காலம் அம்மாவும் நானும் புதுக்கடை நினைவுத்தூணுக்குப் போனோம். மாலைகள் வாடியிருந்தன, யாரோ ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டிக்கு அப்போது எட்டு வயது. "வெடிச் சத்தம் நான் கேக்கல்ல மக்ளே, பொறவு போலீஸ் வந்தது தெரியும். அப்பன் மரச்சீனி விளையில ராத்திரி படுத்துக் கிடந்தாரு. நான்தான் கஞ்சி கொண்டு போவேன்" என்றார். (மரச்சீனி விளை என்றால் மரவள்ளித் தோட்டம்.) தூக்குப் பாத்திரம் கிலுங்காமல் இருக்க அதைச் சுற்றித் துணி கட்டிக் கொடுப்பார்களாம். இதைச் சொல்லும்போது கையால் கட்டியே காட்டினார்.

கட்டுரையின் நடுப்பகுதி இதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அன்று திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளை தலைமையிலான பிரஜா சோஷலிஸ்ட் அமைச்சரவை. சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் இல்லை, அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா. பட்டம் விலகவில்லை. கட்சிக்குள் பெரிய சண்டையாகி, அடுத்த வருஷம் லோகியா வெளியே வந்து தனிக்கட்சி தொடங்கினார். தன் கட்சி ஆட்சி தப்பு செய்தால் தானே முதலில் கேட்க வேண்டும் என்று நினைத்த ஒரு அரசியல்வாதி இருந்திருக்கிறார், அதுவும் எங்கள் ஊர் ஜனங்களுக்காக. இதை ஏன் யாரும் எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லவில்லை?

ஆகஸ்ட் 15

கிராம சபை. மாவட்டத்தில் ஊராட்சிகளோடு பேரூராட்சிகளும் நிறைய, கிராம சபை நடப்பது ஊராட்சியில்தான். பேரூராட்சியில் இருக்கிற என் தோழிகளுக்குக் கிராம சபை என்றால் என்னவென்றே தெரியாது. எங்களுக்கு உண்டு. ஆனால் வாக்காளர் பட்டியலில் பேர் உள்ளவர்கள்தான் அதில் உறுப்பினர். எனக்குப் பதினெட்டு ஆக இன்னும் சில வாரம் இருக்கிறது. அதனால் கேள்வியை நான் எழுதி, அம்மா கேட்பது என்று ஏற்பாடு.

முந்திரி ஆலைக்கு லீவு என்பதால் அம்மாவோடு வேலை செய்கிற அக்காமாரும் வந்திருந்தார்கள். முதலில் கையெழுத்து. எங்கள் ஊராட்சி அளவுக்கு 200 பேர் வந்திருந்தால்தான் கூட்டம் செல்லும், அதனால் பதிவேடு ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க்கொண்டே இருந்தது. வரவு செலவை வேகமாக வாசித்தார்கள், டீயும் வடையும் வந்ததும் பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் அம்மா எழுந்தார். ஆலையிலிருந்து திரும்பி வருகிற வழியில் தெருவிளக்கு எரிந்து மாசக்கணக்காகிறது, எப்போது போடுவீர்கள்? "பார்க்கிறோம்" என்றார் அதிகாரி. அம்மா உட்காரவில்லை, நான் எழுதிக் கொடுக்காததையும் கேட்டார்.

"தலைவரு இருந்தா வீட்டு வாசல்ல போய் நின்னு கேப்போம். இப்ப யாருக்க வாசல்ல போய் நிக்க?"

போன ஜனவரி 5-ஆம் தேதியோடு ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்துவிட்டது, தேர்தல் இன்னும் நடக்கவில்லை, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்தான் எல்லாம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். அடுத்த தேர்தலில் அவரைத் தோற்கடிக்க எங்களால் முடியாதே! அக்காமார் கை தட்டினார்கள். விளக்குப் போடுவது தீர்மானத்தில் எழுதப்பட்டது. எழுதுவதை அம்மா பக்கத்தில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் வந்தார்.

ஆகஸ்ட் 19

எழுதி முடித்தாகிவிட்டது. லோகியா, காமராஜர், அப்புறம் அம்மாவின் கேள்வி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், சாக்கடை என்று அவர் சொல்வதற்கு நான் எழுதிய பதிலையும் சேர்த்துத்தான். ஒன்றும் பேசவில்லை, காமராஜர் பத்தியை மட்டும் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். மத்தியானம் ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

அக்டோபர் 1-க்குள் பதினெட்டு ஆகிறவர்கள் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்க முன்கூட்டியே படிவம் 6 கொடுக்கலாம், அதையும் நிரப்பிவிட்டேன். காந்தி ஜெயந்தி கிராம சபைக்குள் பட்டியலில் பேர் ஏறாது, அதுவரை அம்மாதான் கேட்க வேண்டும். தெருவிளக்கு இன்னும் எரியவில்லை. தீர்மானத்தின் நகல் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன், நாளை அம்மா கையெழுத்துப் போட்டதும் ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன்.