சம்ப்பில் சென்ட்ரிங் பிரிப்பது: ஒரு வரியில் அடங்காத ஆபத்து

புது சம்ப்புக்கு, அதாவது தரைக்கடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டிக்கு, மேல்தளம் போட்டு, வாரக்கணக்கில் மூடியிருந்த பிறகு சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கிய பலகை, முட்டு) பிரிக்க ஆள் இறங்குவார். சைட் ரிஸ்க் படிவத்தில் இந்த வேலைக்குப் பெரும்பாலும் ஒரே வரிதான்: "சம்ப்பில் இறங்குதல், அபாயம் அதிகம், மாஸ்க், ஹெல்மெட்." எது ஆளைக் கொல்லும் என்று எழுதாமல் மார்க் மட்டும் போட்டு என்ன பயன்?

ஒவ்வொரு ஆபத்தையும் தனி வரியாக எழுதினால், முதல் வரி ஆக்சிஜன் குறைவு. தண்ணீரில் ஊறிய பலகை அழுக அழுக, நுண்ணுயிர்கள் உள்ளேயிருக்கும் ஆக்சிஜனைத் தின்றுவிடும்; கரியமில வாயு அடியில் தேங்கும். வெளிக்காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே என்றால் இறங்கக் கூடாது. 10க்குக் கீழே மயக்கம், 6ஐ நெருங்கினால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். வாடை வராது, மூச்சு முட்டும் முன்னறிவிப்பும் இருக்கும் என்று நம்ப முடியாது. மாஸ்க் தூசியை வடிகட்டும். இல்லாத ஆக்சிஜனை அது எங்கிருந்து கொண்டுவரும்?

மெழுகுவத்தி இறக்கிப் பார்ப்பதும் வேண்டாம். ஏறக்குறைய 16 சதவீதம் வரை சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும். நாலு வாயு மீட்டரின் (ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு அளக்கும் கருவி) குழாயை மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் விட்டு, எண் நிலைக்கும்வரை காத்திருந்து பாருங்கள்.

தடுப்பு, ப்ளோயர் (காற்றை உள்ளே ஊதும் விசிறி). 10 × 8 × 6 அடி சம்ப் என்றால் 480 கன அடி. நிமிடத்துக்கு 500 கன அடி தள்ளும் ப்ளோயர் வைத்தால் கணக்குப்படி நிமிடத்துக்கு ஒருமுறை காற்று மாறும். ஆனால் டக்ட் (காற்றுக் குழாய்) அடிவரை போகாமல் வாயிலேயே நின்றால், ஊதிய காற்று அப்படியே மேலே திரும்பிவிடும். ஆள் உள்ளே இருக்கும்வரை ப்ளோயர் ஓட வேண்டும். சிலர் ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடுவார்கள். அது தீ விபத்து என்ற புது வரியைச் சேர்க்கும்.

அடுத்தது நச்சுவாயு. தேங்கிய நீரை இறைக்க பெட்ரோல் பம்பை உள்ளே இறக்கினால் கார்பன் மோனாக்சைடு வரும். எஞ்சினை வெளியே, ப்ளோயர் காற்று இழுக்கும் பக்கத்திலிருந்து தள்ளி வையுங்கள்.

மின்சாரம் தனி வரி. ஈரத்தில் 230 வோல்ட் ஹாலஜன் கூடாது; 24 வோல்ட் விளக்கோ பேட்டரி டார்ச்சோ போதும். பலகை விழுவது, ஆணி குத்துவது: ஹெல்மெட்டும் பூட்ஸும் இந்த வரிக்குத்தான் பொருந்தும்.

கடைசி வரி, காப்பாற்றப் போகிறவர். ஒருவர் சாய்ந்ததும் அடுத்தவர் குதிப்பார், அவரும் சாய்வார். 2 அடி வாய் வழியாக மயங்கியவரைக் கையால் தூக்குவது நடக்காத காரியம். அதனால் இறங்கும்போதே ஹார்னஸ் (உடலைச் சுற்றிய பாதுகாப்புப் பட்டை), அதன் கயிறு மேலே ட்ரைபாட் வின்ச்சில் (முக்காலியில் பொருத்திய, கயிறு சுற்றித் தூக்கும் கருவி). வின்ச் பிடிப்பவர் பெயரைப் படிவத்தில் எழுதி, பக்கத்திலேயே "இவர் இறங்கக் கூடாது" என்றும் எழுதுங்கள்.