புளியங்கொட்டையும் ராஷன்பெர்க்கும்

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ராஷன்பெர்க் என்றதும் ஓவியம் படித்தவர்கள் டயர் மாட்டிய ஆட்டைத்தான் சொல்வார்கள். நியூயார்க்கில் பழைய அலுவலகச் சாமான்கள் விற்கும் கடையில் அவர் வாங்கிய, பாடம் செய்த அங்கோரா ஆடு அது. அதை எப்படி நிறுத்துவது என்று 1955 முதல் 1959 வரை மாற்றி மாற்றிப் பார்த்தார். கடைசியில் இடுப்பில் ஒரு டயரை மாட்டி, கொலாஜ், அதாவது காகிதம், துணி போன்ற துண்டுகளை ஒட்டிச் செய்யும் படம், உள்ள பலகையின் மேல் நிற்க வைத்தார். ‘மோனோகிராம்’ என்று பெயர். இன்று ஸ்டாக்ஹோம் அருங்காட்சியகம் ஒன்றில் இருக்கிறது.

என்னை அவரிடம் இழுத்துச் சென்றது அந்த ஆடு அல்ல, புளியங்கொட்டை.

1975-இல் துணியாலை அதிபர்களான சாராபாய் குடும்பத்தின் அழைப்பில் ராஷன்பெர்க் ஆமதாபாத் வந்தார். காந்தி ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகித ஆலையில், அங்குள்ள தொழிலாளர்களோடு சேர்ந்து ‘போன்ஸ்’, ‘யூனியன்ஸ்’ என்று இரண்டு வரிசைப் படைப்புகளைச் செய்தார். முதல் வரிசையில் காகிதக் கூழோடு மூங்கில் சிம்பும் துணித் துண்டுகளும் சேர்ந்து இறுகியிருக்கும். இரண்டாவது வரிசைக்கு ஒரு சேற்றைக் குழைத்தார்கள். அதில் சேர்ந்தவை: காகிதக் கூழ், வெந்தயப் பொடி, அரைத்த புளியங்கொட்டை, சீமைச் சுண்ணாம்புத் தூள், பிசின் தூள், மயில்துத்தம், தண்ணீர். இந்தப் பட்டியலை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் இதில் பாதிப் பொருள்களை என் ஆயா உரலில் போட்டு ஆட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்குப் பேர்போனது. மாசி பங்குனியில் ஊருக்கு ஊர் திண்ணையில் பெண்கள் உட்கார்ந்து ஓடு உடைப்பார்கள், நார் எடுப்பார்கள், கொட்டை தட்டுவார்கள். கொட்டை வீட்டு வாசலில் குவிந்து கிடக்கும். ஆயா அதில் இரண்டு படி எடுத்து வறுத்து, தோல் நீக்கி, மாவாக்கிக் கஞ்சி போலக் காய்ச்சுவார். கிளறுவதை நிறுத்தினால் அடிபிடித்துக்கொள்ளும். பதம் வந்தவுடன் விரலில் தொட்டு இழுத்தால் நூல் விடும். பழைய செய்தித்தாளை நாள்கணக்கில் ஊறவைத்து, ஊறிய வெந்தயத்தோடு ஆட்டி, கவிழ்த்த குடத்தின் மேல் கையால் அப்புவார். காய்ந்ததும் குடத்தை உருவினால் கூடை தனியே வந்துவிடும். அதன் மேல் புளியங்கொட்டைப் பசையைப் பூசி, கிடைத்த வண்ணக் காகிதத்தை ஒட்டுவார். கேழ்வரகு மாவும் கொள்ளும் அந்தக் கூடைகளில்தான் இருக்கும். வெந்தயக் கசப்புக்குப் பூச்சி அண்டாது. நன்றாக அரைபடாத இடங்களில் செய்தித்தாளின் எழுத்து ஒன்றிரண்டு தலைகாட்டும். சிறுமியாக நான் அந்த எழுத்துகளைத் தேடித் தேடிப் படிப்பேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க ஓவியர்கள் செய்த புதுமை எது என்று கேட்டால், அந்தத் தலைகாட்டும் எழுத்தைத்தான் சொல்வேன். காகிதத்தை ஒட்டுவது அவர்கள் கண்டுபிடித்ததல்ல. பிக்காசோவும் பிராக்கும் 1912-லேயே பிரான்ஸில் ஒட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் செய்தித்தாள் ஒரு புட்டியாகவோ கிதாராகவோ மாற வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1950-களில் பொருள் வேறொன்றாக மாற வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ராஷன்பெர்க் 1955-இல் செய்த ‘படுக்கை’யில் தலையணை தலையணைதான், ஒட்டுப்போட்ட மெத்தைவிரிப்பு மெத்தைவிரிப்புதான். அதன்மேல் சாயத்தை வழியவிட்டுச் சுவரில் நிமிர்த்தி மாட்டினார். யாரோ உடுத்தியது, யாரோ படுத்தது, யாரோ படித்தது என்கிற முந்தைய வாழ்க்கை அந்தப் பொருளோடு படத்துக்குள் நுழைந்துவிடுகிறது. சாயத்தால் அதைச் செய்யவே முடியாது.

இன்னொரு அமெரிக்க ஓவியர் ஜாஸ்பர் ஜான்ஸின் ‘கொடி’யும் அப்படித்தான். 1954-55-இல் செய்தது. தூரத்தில் அமெரிக்கக் கொடி, கிட்டே போனால் உருக்கிய மெழுகில் தோய்ந்த செய்தித்தாள் கிழிசல்கள். எனாமல் சாயம் காயத் தாமதமானதால் அவர் மெழுகுக்கு வந்தார். மெழுகு உடனே உறையும், ஒவ்வொரு தூரிகை இழுப்பும் அடுத்ததோடு கலக்காமல் தனித்தனியே நிற்கும், அடியில் அச்செழுத்தும் தெரியும்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. நான் அரசுப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியை. மாவட்ட அளவிலான ஒரு போட்டிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கொலாஜ் செய்து கொண்டுபோனாள். நடுவர் ஒருவர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, “ஒட்டுவது கைவேலை, ஓவியம் ஆகாது” என்று சொல்லி முடித்துவிட்டார். பரிசு போனதில் எனக்கு வருத்தம் இல்லை. அந்த ஒரு வரியை ஒரு பிள்ளையின் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவள் செய்தது புளி தட்டும் தன் அம்மாவை. முகம் சிறியது, ஒரு கண் மட்டும் விளம்பரத்திலிருந்து வெட்டிய பெரிய கண். கைகள் இரண்டும் தலையைவிடப் பெரியவை, வேளாண்மைப் பக்கத்துப் புகைப்படங்களிலிருந்து மண் நிறத் துண்டுகளாக வெட்டி அடுக்கியவை. ஒட்டும்போது நான் குறுக்கிட்டதற்கு, “டீச்சர், அம்மாவுடைய கை இன்னும் பெரிதாக இருக்க வேண்டும்” என்று கூடுதலாக ஒரு துண்டைச் சேர்த்தாள். போட்டி முடிந்து வந்த மறுநாள் அவளுக்கு அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ரோமர் பியர்டனின் படத்தைக் காட்டினேன்.

இந்த மனிதரைப் பற்றி நம் பக்கத்தில் அதிகம் பேசுவதில்லை. 1911-இல் வட கரோலினாவின் சார்லட்டில் பிறந்தவர், வளர்ந்தது பெரும்பாலும் நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெமில். நியூயார்க் நகரச் சமூக நலத்துறையில் பல ஆண்டுகள் ஏழைக் குடும்பங்களைப் பார்த்து உதவும் வேலை செய்துகொண்டே வரைந்தவர். 1963-இல் கறுப்பின ஓவியர்கள் ‘ஸ்பைரல்’ என்ற குழுவாகக் கூடினார்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு கொலாஜ் செய்யலாம் என்று பியர்டன் யோசனை சொன்னார். மற்றவர்களுக்கு அதில் நாட்டம் இல்லை. அவர் தனியாகத் தொடர்ந்தார். சிறிய கொலாஜ்களைச் செய்து, அவற்றைக் கறுப்பு வெள்ளையில் பெரிதாக்கி 1964-இல் ‘புரொஜெக்‌ஷன்ஸ்’ என்ற பெயரில் காட்சிக்கு வைத்தார்.

அதே ஆண்டு செய்த ‘புறா’ என்ற கொலாஜ் ஒரு செய்தித்தாள் பக்கத்தைவிடச் சிறியது. ஹார்லெம் தெரு. வாசற்படியில் உட்கார்ந்திருப்பவர்கள், சன்னலில் எட்டிப் பார்ப்பவர்கள், கதவுக்கு மேலே வெள்ளைப் புறா. ஒவ்வொரு முகமும் பல துண்டுகள். அருகருகே இருக்கும் இரண்டு கண்கள் அளவில் ஒத்துப்போகாது. கைகள் உடம்புக்கு மீறிப் பெரியவை. ஆனால் அந்தத் தெருவில் ஒருவர்கூட அந்நியராகத் தெரிவதில்லை. பத்திரிகைகளில் சிதறிக் கிடந்த தன் மக்களின் முகங்களை அவர் பொறுக்கிச் சேர்த்தார். ராஷன்பெர்க் பொருள்களைப் பேசவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், பியர்டன் மனிதர்களைக் கூட்டி உட்கார வைக்கிறார். இருவரில் எனக்குப் பெரியவர் பியர்டன்தான். அந்த மாணவி வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இவரும் கையைப் பெரிதாக வைத்திருக்கிறார்” என்றாள்.

அமெரிக்கப் பெண் ஓவியர் லீ கிராஸ்னரையும் சொல்ல வேண்டும். தன் ஓவியங்கள் பிடிக்காமல் கிழித்துத் தரையில் எறிந்தவர், பிறகு வந்து பார்த்தபோது அந்தக் கிழிசல்களிலிருந்தே புதிய படங்களைக் கண்டார். 1955-இல் அவற்றைக் காட்சிக்கு வைத்தார். வகுப்பில் படம் கெட்டுவிட்டது என்று அழும் பிள்ளைகளுக்கு நான் இதைச் சொல்வதுண்டு.

இந்தப் பருவத்தில் பிள்ளைகளோடு ராஷன்பெர்க்கின் அந்தச் சேற்றைக் குழைத்துப் பார்க்கிறோம். மண்டியில் கிழிந்துபோன சாக்கு, மாங்கூழ் டின்னின் லேபிள், பட்டுக்கூட்டு ஓடு, கல்யாணப் பத்திரிகை என்று அவர்களே கொண்டுவருகிறார்கள். தருமபுரியில் உறவினர் வீட்டுக்குப் போன ஒருவன் பஸ் டிக்கெட்டைப் பத்திரமாக எடுத்து வந்தான். சாக்கில் அச்சடித்த கடைப்பெயர் தெரியும்படி பதிக்கச் சொல்கிறேன். மயில்துத்தம் நஞ்சு, பிள்ளைகள் கையில் படக்கூடாது என்று விட்டுவிட்டேன், வெந்தயத்தைக் கூட்டியிருக்கிறேன். வெயிலில் வைத்தால் வெடித்துவிடுகிறது. நிழலில், ஈரத்துணி மூடி, ஒரு நாளைக்கு ஒருமுறை திருப்பிப் போட்டால் விரிசல் குறைவு. கயிறு பதிப்பதென்றால் முழுவதும் நனைத்த பிறகே பதிக்க வேண்டும், இல்லையென்றால் அது சேற்றின் ஈரத்தை உறிஞ்சி ஓரம் தூக்கிக்கொள்கிறது. கொட்டை மாவு எவ்வளவு சேர்ப்பது என்பதில் மட்டும் இன்னும் பதம் பிடிபடவில்லை. அடுத்த வாரம் அந்த மாணவியின் அம்மா வந்து காட்டித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.