லயத்துக்கு முகவரி கேட்கும் படிவம்: மலையகத்தில் ஒரு நிதியத்தை நடத்தியதில் கற்றவை

'டிஜிட்டல் சமூகத்தில் இன நீதி' என்ற தலைப்போடு, சிறு குழுக்களுக்கு மானியமாகக் கொடுக்க வெளியிலிருந்து பணம் வந்தால், அதை அப்படியே துண்டுப்பிரசுரமாக அடித்து ஹட்டனிலும் பண்டாரவளையிலும் கொடுத்துவிடாதீர்கள். நம் நாட்டில் 'இனம்' என்றதும் மனசு யுத்தத்துக்குப் போகும். 'டிஜிட்டல்' என்றதும் கம்பியூட்டர் வகுப்புக்குப் போகும். வருகிற விண்ணப்பங்களில் பாதி, கோயில் மண்டபத்துக்கு நாலு கம்பியூட்டரும் ஒரு பிரின்டரும் கேட்கும். அது விண்ணப்பித்தவர்களின் பிழை என்று சொல்ல முடியாது.

ஆகவே பணத்தைத் தொடும் முன் ஒரு வரையறை வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது இன ரீதியான பாரபட்சத்தை ஒழிப்பதற்கான சர்வதேச சமவாயத்தின் முதலாம் உறுப்புரை. இலங்கை 1982இல் அதில் இணைந்தது. நிறம், இனத்துவம் ஆகியவற்றோடு 'வம்சாவளி'யும் அந்த உறுப்புரையில் இருக்கிறது. 'இந்திய வம்சாவளித் தமிழர்' என்றே பல காலம் எழுதப்பட்ட மக்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. மிச்சமிருந்த கணக்கை முடிக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரை போக வேண்டியிருந்தது. இடையில் பதியாமல் போன பிறப்புகள், சிங்களத்தில் மட்டும் எழுதப்பட்ட சான்றிதழ்கள், தோட்டக் கந்தோர் எழுதியபடி நின்றுவிட்ட பெயர்கள் எல்லாம் இன்று தரவுத்தளத்துக்குள் அப்படியே ஏறுகின்றன. நிதியத்தின் வேலை அந்த இடத்தில்தான்.

அறிவித்தலில் சட்ட வசனம் போடவில்லை. மூன்று கேள்விகள் மட்டும் போட்டோம். ஏதாவது ஒரு பதிவு, செயலி, கியூஆர் முறை உங்கள் தோட்டத்து ஆட்களை விட்டுவிட்டதா? பிழையாகப் பதிந்திருக்கிறதா? போனில், முகநூலில் கேவலப்படுத்த இடம் கொடுக்கிறதா? அதன் பிறகு கம்பியூட்டர் கேட்டு வந்தவை குறைந்தன. 2022 எரிபொருள் கியூஆர், 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, முகம், விரல், கண்மணி மூன்றையும் பதியத் திட்டமிட்டிருக்கும் தனித்துவ டிஜிட்டல் அடையாளம் என்று பேச்சு சரியான இடத்துக்கு வந்தது. ஒரே காம்பராவில், அதாவது ஒரே அறையில், இரண்டு குடும்பம் இருந்தால் படிவத்தில் எப்படிப் பதிவது, வீட்டு இலக்கமே இல்லாத லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) முகவரி என்ன, லெட்சுமி ஓர் ஆவணத்தில் லட்சுமியாகவும் சேமலாப நிதியில் லெச்சுமியாகவும் இருந்தால் இயந்திரம் அவரை மூன்று பேராக எண்ணாதா என்று கேட்கத் தொடங்கினார்கள். இதெல்லாம் இன நீதிதான். கேட்டவர்கள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அடுத்தது படிவம். இங்கேதான் அதிகம் கவனம் வேண்டும், ஏனென்றால் அரச படிவம் செய்கிற அதே பிழையை நிதியத்தின் படிவமும் செய்யும். நன்கொடையாளர் தரும் மாதிரிப் படிவம் பத்துப் பன்னிரண்டு பக்கம், ஆங்கிலத்தில், இணையத்தில் மட்டும் நிரப்பக்கூடியதாக இருக்கும். முகவரிப் பெட்டி கட்டாயம் என்று சிவப்பு நட்சத்திரம் வேறு. அதை இரண்டு பக்கமாக வெட்டினோம். முகவரிக்குப் பதில் தோட்டம், டிவிசன், கிராம உத்தியோகத்தர் பிரிவு என்ற மூன்று பெட்டிகள். தோட்டத்துக்கு வரும் கடிதம் பெரும்பாலும் கந்தோர் வழியாகத்தான் வரும். தோட்டத் துரையின், அதாவது முகாமையாளரின், மேசையைத் தாண்டி ஒரு தொழிலாளர் குழுவுக்கு 'உரிமை' என்று அச்சடித்த உறை போவது அந்தக் குழுவுக்கு நல்லதல்ல. எனவே தொடர்புக்கு இரண்டு போன் இலக்கம் கேளுங்கள், ஒன்று பெண்ணுடையதாக இருக்கட்டும்.

எழுத விரும்பாதவர் வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடக் குரல் பதிவு அனுப்பலாம் என்றோம். அதை எங்கள் பக்கத்தில் ஒருவர் எழுத்தாக்கி, திரும்ப வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கிய பிறகே விண்ணப்பமாகச் சேர்த்தோம். ஒரு பதிவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் போகும். இந்த நேரத்துக்குச் சம்பளம் வரவுசெலவில் இல்லாவிட்டால், குரல் பதிவுகள் யாரும் கேட்காமலே ஒரு போனுக்குள் கிடக்கும்.

எழுத்துருத் தொல்லையைத் தனியாகச் சொல்ல வேண்டும். சில்லறைத் தட்டச்சுக் கடைகளிலும் பழைய கந்தோர்களிலும் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருதான். அதில் 'மலையகம்' என்று தட்டியதை யூனிகோட் பெட்டியில் ஒட்டினால் கே, ஐ, வை என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக விழும். பார்ப்பவர் குப்பை என்று அழித்துவிடுவார். அழிக்காதீர்கள், மாற்றிக் கருவியில் போட்டு எடுங்கள், பிறகு ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் இடம் மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். இதைவிட இலகுவான வழி, கையால் எழுதிய தாளைப் படமெடுத்து அனுப்பச் சொல்வது. தமிழும் சிங்களமும் கலந்து எழுதினாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆங்கிலச் சுருக்கத்தை நிதியம் தன் செலவில் எழுத வேண்டும், விண்ணப்பதாரர் தலையில் கட்டக்கூடாது.

கடைசித் திகதியைத் தீபாவளியோடு முட்டவிடாதீர்கள். சித்திரை, வைகாசியில் கொழுந்து மண்டும் நாட்களும் வேண்டாம். தென்மேற்குப் பருவ மழையில் மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் கரண்டும் சிக்னலும் சேர்ந்தே போகும். ஆறு வாரம் திறந்து வைத்து, கடைசி வாரத்தில் மாலை ஆறரைக்குப் பிறகு போன் எடுக்க ஆள் வைத்தால் போதும். பகலில் அழைத்தால் மலையில் நிற்பார்கள்.

யார் தேர்வு செய்வது? கொழும்பில் உட்கார்ந்து ஆறு வல்லுநர் செய்தால் வேகமாக முடியும், நன்றாக எழுதப்பட்ட விண்ணப்பமும் வெல்லும். நன்றாக எழுதியது பெரும்பாலும் ஏற்கனவே நாலு நிதியத்திடம் வாங்கியதாக இருக்கும். ஒன்பது பேர் குழுவில் ஐந்து பேராவது தோட்டத்தில் இப்போது வசிப்பவர்களாக இருக்க வேண்டும் என்று வைத்தோம், நுவரெலியாவோடு பதுளை, கண்டி, மாத்தளை மாவட்டங்களும் வரும்படியாக. தொழிலாளர் குழுவுக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது அன்றைய நாட்சம்பளம், போய்விடும். ஆகவே நாட்சம்பளத்தை விடக் கூடிய கொடுப்பனவு, வந்து போகும் செலவு, பிள்ளை பார்க்கும் ஆளுக்கான செலவு மூன்றும் கையில் அன்றே கொடுக்கப்பட வேண்டும். 'பிறகு கணக்கில் போடுவோம்' என்றால் அடுத்த கூட்டத்துக்குப் படித்தவர்கள் மட்டும்தான் வருவார்கள்.

குழுவில் தொழிற்சங்கத் தலைவர்கள் இருக்கலாமா என்பது பெரிய வாக்குவாதம். தோட்டத் தலைவர் இல்லாமல் பல விஷயம் நகராது. இருந்தால் மற்றச் சங்கத்து ஆட்கள் விண்ணப்பிக்க மாட்டார்கள். தங்கள் தோட்டத்து விண்ணப்பம் வரும்போது எழுந்து வெளியே போக வேண்டும், அதைக் கூட்டக் குறிப்பில் நேரத்தோடு எழுத வேண்டும் என்ற விதி வேலை செய்தது. சாதி விஷயமும் இதே அளவு கவனம் கேட்கும், ஆனால் அதை யாரும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். ஒரே லயத்து வரிசையிலிருந்து மூன்று பேர் குழுவில் இருந்தால் கவனியுங்கள்.

என்ன வேலைக்குக் கொடுத்தால் பயன் இருக்கும் என்பதில் எங்கள் கருத்து இப்போது முன்னையதை விடத் தெளிவானது. செயலி செய்ய வேண்டாம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடப் பழக்குவதற்குக் கொடுங்கள். தமிழில் போடலாம், எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ளக் கடமைப்பட்டவர். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் வர வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம், பிறகு இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடம் மேன்முறையீடு. இந்தப் பிரதேச செயலகப் பிரிவில் அஸ்வெசுமவுக்கு எத்தனை தோட்டக் குடும்பம் விண்ணப்பித்தது, எத்தனை எந்தக் காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என்ற ஒரு கேள்வி, பத்துச் செயலிகளை விட அதிகம் வெளியே கொண்டுவரும். ஒப்புதல் சீட்டு வாங்காமல் யாரும் கந்தோரை விட்டு வரக்கூடாது. அது இல்லாவிட்டால் 14 நாள் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது.

இதில் ஒரு வேலி உண்டு. கொழுந்து நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசு, செக்ரோல் (வரவு, சம்பளப் பதிவு) மென்பொருள் பற்றித் தனியார் பெருந்தோட்டக் கம்பனியிடம் இந்தச் சட்டத்தால் கேட்பது கடினம். ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம் போன்ற அரச நிறுவனத் தோட்டங்களிடம் கேட்கலாம். தனியார் தோட்டத்தில், தொழிலாளரே தினமும் தன் நிறையைக் கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் சம்பளச் சிட்டையோடு ஒப்பிடும் வேலைக்குப் பணம் கொடுக்கலாம். கொப்பி, பேனை, கூட்டிப் பார்க்க ஒரு ஆள். மலிவானது, வலுவானதும்கூட.

இணைய வெறுப்பைக் கண்காணிக்கும் திட்டங்கள் பெரிய தொகை கேட்கும். 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்துத் திகனயில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போது முகநூலும் வாட்ஸ்அப்பும் முடக்கப்பட்டதும், முகநூல் நிறுவனம் 2020இல் தன் பங்குக்கு வருத்தம் தெரிவித்ததும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு சிங்கள வெறுப்புப் பதிவுகளைப் பார்க்கப் பல பேர் வந்தார்கள். 'தோட்டக்காட்டான்', 'கள்ளத்தோணி' என்று தமிழிலேயே தமிழர் எழுதுவதை எண்ணியவர்கள் குறைவு. தமிழ்நாட்டுத் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பரிசோதகருக்கு முதற்சொல்லில் வசை இருப்பதே தெரியாது. சொற்பட்டியல் இங்கேயே, வயது கூடியவர்களோடு உட்கார்ந்து தயாரிக்கப்பட வேண்டும். கிடைத்ததை வைத்து உடனே 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாய) சட்டத்துக்கோ 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்துக்கோ ஓடச் சொல்லாதீர்கள். அந்தக் கத்தி எந்தப் பக்கமும் வெட்டும். சட்டத்தரணியிடம் கேட்டபின் போகலாம்.

இனிப் பணம். நிதியம் தனியாகப் பதிவதானால் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரச சார்பற்ற நிறுவனமாகவோ, 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுத்த கம்பனியாகவோ பதியலாம். இரண்டும் நேரம் எடுக்கும். முதல் சுற்றுக்குப் பதிவுள்ள ஒரு நிறுவனத்தின் கீழ் நடத்துவது புத்தி, ஆனால் தேர்வில் அவர்களுக்கு வாக்கு இல்லை என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வெளிநாட்டுப் பணம் வரும்போது வங்கி ஒப்பந்தப் பிரதி, வரவுசெலவு, பதிவுச் சான்றிதழ் மூன்றையும் கேட்கும். முன்கூட்டியே கொடுத்தால் வாரக்கணக்கு மிச்சம்.

வரியைப் பலர் மறப்பார்கள். உள்நாட்டு இறைவரிச் சட்டம் அரச சார்பற்ற நிறுவனம் பெறும் நன்கொடையில் 3 சதவீதத்தை இலாபமாகக் கொண்டு அதன் மேல் வரி போடுகிறது. 60 இலட்சம் வந்தால் 1 இலட்சத்து 80 ஆயிரம் இலாபம். வீதம் 30 சதவீதமானால் 54,000 ரூபா வரி. சிறிய தொகைதான், ஆனால் வரவுசெலவில் வரி என்று ஒரு வரி இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் மானியத்திலிருந்துதான் போகும். அந்த 60 இலட்சத்தை 42 மானியத்துக்கு, 8 மொழி, பயணம், போன் ரீலோட் செலவுக்கு, 5 சட்டம் மற்றும் பாதுகாப்பு அவசரத்துக்கு, 5 நிர்வாகத்துக்கும் வரிக்கும் என்று பிரிப்பது தாங்கும். அவசரப் பணத்தைத் தொடாமல் வைத்திருக்கக் கை கூசும். வைத்திருங்கள், ஆளை வேலையிலிருந்து நிறுத்தினால் அடுத்த நாளே தேவைப்படும்.

பல குழுக்களுக்கு வங்கிக் கணக்கே இருக்காது. மரண உதவிச் சங்கத்துக்கு இருக்கும், மாதர் சங்கத்துக்கு இருக்கலாம். மூவரில் இருவர் கையொப்பமிடும் கூட்டுக் கணக்கு இல்லாமல் பணம் அனுப்பக்கூடாது. அவசரத்துக்குத் தனியாள் கணக்கில் போட்டுவிட்டால், மூன்று இலட்சம் விழுந்த செய்தி லயம் முழுக்கப் பரவி, கடன் கேட்பவரிலிருந்து நலன்புரி விசாரிக்க வருபவர் வரை அந்த வீட்டில்தான் நிற்பார்கள்.

பற்றுச்சீட்டு விஷயத்தில் கணக்காய்வாளரை முதலிலேயே மலைக்குக் கூட்டிப்போவது நல்லது. ஆட்டோக்காரர் பில் தரமாட்டார். திகதி, எங்கிருந்து எங்கே, வாகன இலக்கம், தொகை, கையொப்பம் உள்ள ஒரு பக்கத் தமிழ் வவுச்சரை அச்சடித்துப் புத்தகமாகக் கொடுத்து, கணக்காய்வாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டால் வருடக் கடைசியில் யாரும் பொய்யான பில் தேடி ஓட வேண்டியிராது.

விண்ணப்பத் தரவு எங்கே இருக்கிறது என்று கேட்க மறக்காதீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இனத்துவத்தை விசேட வகைத் தரவாகப் பார்க்கிறது. 'நீங்கள் மலையகத் தமிழரா' என்று பெட்டி போட்டாலே அந்த வகைக்குள் வந்துவிடுகிறீர்கள். பெட்டிக்குப் பதில் ஒரு வெற்றுக் கோடு விட்டு, தன்னை எப்படிச் சொல்கிறாரோ அப்படி எழுதவிட்டோம். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர், மலையகத் தமிழர், வெறும் தமிழர் எல்லாம் வந்தன. அடையாள அட்டைப் பிரதி தேர்வான பிறகு மட்டும். நிராகரித்தவற்றை ஆறு மாதத்தில் அழித்து, அழித்ததைக் குறிப்பில் எழுத வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளை அழிக்கத்தான் எல்லாரும் மறப்பார்கள்.

கிடைக்காதவர்களுக்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டாம். அழைத்துச் சொல்லுங்கள், தமிழில், குழு சொன்ன காரணத்தோடு. ஒரு அழைப்புக்கு இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். கோபப்படுவார்கள், சிலர் திருப்பிக் கேள்வி கேட்பார்கள், அவற்றை எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் இரண்டாம் சுற்றுப் படிவத்தில் மாறிய ஏழு இடங்களில் ஐந்து அந்த அழைப்புகளில் வந்தவை. முகவரிக்குப் பதில் வைத்த மூன்று பெட்டிகளுக்குக் கீழே 'லயத்து இலக்கம் இல்லாவிட்டால் பக்கத்தில் உள்ள கோயில் அல்லது ஸ்டோர் பெயர் போதும்' என்ற வரியும் அவற்றில் ஒன்று.